பகடை, திரை, கட்டப்பாய், கார்டு: டி அண்ட் டி மேசைக்கு எது வேண்டும், எது வேண்டாம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமாக டி அண்ட் டி, ஒருவர் கதையை நடத்த மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் மேசை விளையாட்டு. அதை ஆடத் தேவையானது கொஞ்சம்தான்: விதிகள், ஏழு பகடைகள், பென்சில், தாள், நான்கைந்து பேர். அதில் விதிகளுக்குக்கூடக் காசு வேண்டாம். 2023 ஜனவரியில் இதை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் எஸ்ஆர்டி 5.1 என்ற அடிப்படை விதித்தொகுப்பை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. 2024 திருத்தப் பதிப்புக்கான எஸ்ஆர்டி 5.2 அதே உரிமத்தில் 2025இல் வந்தது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டால் ஜெராக்ஸ் கடையில் அச்சடித்து ஸ்பைரல் பைண்டிங் போடலாம். தமிழாக்கி வெளியிடவும் தடையில்லை. பாத்ஃபைண்டர் என்ற இதே வகை ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு ஆர்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ் தளத்தில் விதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இதற்கு மேல் வாங்குவதெல்லாம் துணைப்பொருள். கடையில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். வாங்குமுன் கேட்க ஒரு கேள்வி போதும்: இது மேசைக்கு வந்தால் ஆட்டம் நிற்கும் நேரம் குறையுமா? ஆட்டம் நிற்கும் இடங்கள் எல்லா மேசையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். யாரோ விதியைத் தேடிப் புத்தகம் புரட்டுகிறார்கள். பகடையில் விழுந்தது 6ஆ 9ஆ என்று எட்டிப் பார்க்கிறார்கள். அடுத்து யார் முறை என்று தெரியவில்லை. டிஎம் (டன்ஜன் மாஸ்டர், கதையை நடத்துபவர்) வரைபடம் வரைந்துகொண்டிருக்கிறார். இவற்றில் ஒன்றையாவது குறைக்காத பொருள் அலங்காரம். அலங்காரம் வாங்குவது தப்பில்லை, அலங்காரம் என்று தெரிந்து வாங்குங்கள்.

பகடை

ஏழு பகடை செட்டில் டி4 (நான்கு முகம் உள்ள பகடை), டி6 (ஆறு முகம்), டி8, டி10, பத்துபத்தாக எண்ணிட்ட இன்னொரு டி10, டி12, டி20 இருக்கும். முதல் சோதனை வாசிப்பு. பகடையை மேசையில் வைத்து, ட்யூப் லைட் வெளிச்சத்தில், கை நீட்டும் தூரத்திலிருந்து எண்ணைப் படியுங்கள். ஊதாவும் நீலமும் கலந்த சுழல் வண்ணத்தில் தங்க எழுத்து போட்ட செட்டுகள் படத்தில் பிரமாதமாக இருக்கும், மேசையில் படிக்க முடியாது. 6க்கும் 9க்கும் கீழே கோடோ புள்ளியோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து டி20இன் எண் அமைப்பு. சரியான டி20இல் எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் 21 வரும்: 20க்கு எதிரே 1, 13க்கு எதிரே 8. மேஜிக் கார்டு ஆட்டத்தில் உயிர்ப்புள்ளி எண்ண ஒரு வகை டி20 தருவார்கள்; அதில் 20க்குப் பக்கத்தில் 19, அதற்குப் பக்கத்தில் 18 என்று வரிசையாக இறங்கும். பெரிய எண்கள் எல்லாம் ஒரே பக்கம் குவிந்திருப்பதால் பகடை சற்றே கோணலாக இருந்தாலும், உருட்டுகிறவர் கைப்பழக்கத்தில் மெல்லப் போட்டாலும், சாய்வு மொத்தமாக ஒரு பக்கம் போகும். விலை குறைவு என்று அதை வாங்காதீர்கள்.

உப்பு நீர் சோதனை எல்லோருக்கும் தெரியும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் பகடை மிதக்கும்வரை உப்பைக் கரைத்து, விரலால் சுண்டிவிட்டு, எந்த எண் மேலே வருகிறது என்று பார்ப்பது. திரும்பத் திரும்ப ஒரே எண் வந்தால் உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறது. இந்தச் சோதனை அதை மட்டும்தான் சொல்லும். முகங்கள் சமமாக இல்லாததையோ, மெருகேற்றும் எந்திரத்தில் உருண்டு ஒரு விளிம்பு மட்டும் அதிகம் தேய்ந்ததையோ காட்டாது. எவ்வளவு உப்பு போட்டாலும் மிதக்காத பகடைகளும் உண்டு. உலோகப் பகடைக்கு இது பொருந்தவே பொருந்தாது.

வடிவத்தைப் பார்க்க வெர்னியர் காலிப்பர் போதும். டி20இல் பத்து எதிர்முக ஜோடிகள். பத்தையும் அளந்து எழுதுங்கள். ஒரு ஜோடி மட்டும் மற்றவற்றைவிட அரை மில்லிமீட்டர் குறைவாக இருந்தால் அந்த இரண்டு எண்களும் அடிக்கடி விழும். தட்டையான பொருள் தட்டையான பக்கத்தில்தானே படுக்கும்.

எண்ணிக்கையாகவே தெரிய வேண்டுமென்றால் உருட்டித்தான் ஆகவேண்டும். ஒவ்வொரு எண்ணும் எத்தனை முறை விழுந்தது என்று குறித்து, அந்த எண்ணிக்கைகளைத் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள். டி20க்கு, மொத்தம் உருட்டிய தடவையை 20ஆல் வகுத்து, அதை, உருட்டிய தடவையோடு 30 கூட்டிய எண்ணால் பெருக்கி வருவதுதான் எல்லைக்கோடு. 100 உருட்டலுக்கு 650, 500 உருட்டலுக்கு 13,250. நல்ல பகடைக்கு 500 உருட்டலில் 12,975 அக்கம்பக்கம் வரும். கோட்டைத் தாண்டினால் சந்தேகம். ஆனால் நல்ல பகடைகளிலும் இருபதில் ஒன்று தற்செயலாகத் தாண்டும், அதனால் தாண்டியதை இன்னொரு முறை சோதியுங்கள். 100 உருட்டலோடு நிறுத்தாதீர்கள். 20 என்ற எண் இருமடங்கு விழும் மோசமான பகடைகூட 100 உருட்டலில் பெரும்பாலும் தப்பிவிடும், 500இல்தான் மாட்டும். பொறுமை இல்லாதவர்கள் டி20 ஒன்றை மட்டும் சோதித்தால் போதும். இந்த ஆட்டத்தில் முடிவுகளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான்.

உலோகப் பகடை கனம், சத்தம், கண்ணாடி மேசைக்கு ஆபத்து. தடித்த துணி ஒட்டிய தட்டு இல்லாமல் வாங்க வேண்டாம். கூர்விளிம்பு ரெசின் பகடை கீழே விழுந்தால் முனை உதிரும். பிரமிடு வடிவ டி4 உருளாது, பொத்தென்று விழுந்து உட்காரும். அதற்கு நம் வீட்டிலேயே மாற்று இருக்கிறது. தாயக்கட்டை ஒன்றை எடுத்து, புள்ளியில்லாத முகத்தை 4 என்று வைத்துக்கொண்டால் அருமையான டி4. வெளிநாட்டில் இதே நீள வடிவத்தைத் தனி ரகமாக விற்கிறார்கள்.

டிஎம் திரை

டிஎம் தன் குறிப்புகளை மறைக்க முன்னால் நிறுத்தும் மடக்கு அட்டைதான் திரை. அதன் உயரம் முக்கியம். படுக்கைவாட்டுப் பலகைகள் கொண்ட திரை 21 செ.மீ. சொச்சம், நெடுக்குவாட்டுத் திரை 28 செ.மீ. சாப்பாட்டு மேசையில் 28 செ.மீ. வைத்தால் டிஎம் முகம் பாதி மறையும், வரைபடத்தின் மறுகோடிக்குக் கை எட்டாது. படுக்கைவாட்டுத் திரையே மேல்.

உள்பக்கம் என்ன அச்சிட்டிருக்கிறது என்பதில்தான் நிறைய திரைகள் கோட்டை விடுகின்றன. ஒரு செயல் வெற்றிபெற உருட்ட வேண்டிய எண் எளிது 10, நடுத்தரம் 15, கடினம் 20 என்ற அட்டவணைக்குக் கால் பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். அது இரண்டாவது நாளே மனப்பாடம் ஆகிவிடும். தேவையானது வேறு. நிலைமைகள் (விஷம் ஏறியது, பயந்தது போன்றவை) பதினைந்தும் முழு விளக்கத்தோடு. பாதி மறைவுக்கு ஏசியில் 2, முக்கால் மறைவுக்கு 5 கூடும் என்பது. (ஏசி என்றால் இங்கே ஆர்மர் கிளாஸ், தாக்குதல் பட எட்ட வேண்டிய எண்; சுவரில் மாட்டுவது அல்ல.) அடிபட்டால் கான்சன்ட்ரேஷன் (மந்திரம் கலையாமல் தொடரத் தேவையான கவனம்) காக்க உருட்ட வேண்டியது 10 அல்லது பட்ட சேதத்தில் பாதி, எது பெரிதோ அது. ஒவ்வொரு 10 அடி விழுந்ததற்கும் 1டி6 (ஒரு டி6 உருட்டி வரும் எண்) சேதம், அதிகபட்சம் 20டி6. இவற்றோடு இருபது முப்பது ஆள் பெயர்களும் வேண்டும். கதையில் திடீரென்று முளைக்கும் சத்திரக்காரருக்குப் பெயர் யோசிக்கும் அந்தப் பத்து நொடி மேசையே டிஎம்மைப் பார்க்கும்.

பதிப்பையும் பாருங்கள். எக்ஸாஸ்ஷன் (களைப்பு) அட்டவணை ஆறு படியாக, ஒவ்வொரு படிக்கும் வேறு வேறு விளைவோடு இருந்தால் அது 2014 திரை. 2024 விதியில் ஒவ்வொரு படிக்கும் டி20 சோதனைகளில் 2 குறையும், வேகத்தில் 5 அடி குறையும், ஆறாம் படியில் மரணம், அவ்வளவுதான். பழைய சரக்கைத் தள்ளுபடியில் விற்கும்போது பெட்டியில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

தாளைச் செருகிக்கொள்ளும் பை வைத்த திரைதான் என் தேர்வு. ஒரு சிக்கல் உண்டு: பைகள் அமெரிக்க லெட்டர் அளவு, 279 மி.மீ. நீளம். நம் ஏ4 297 மி.மீ. படுக்கைவாட்டில் செருகினால் 18 மி.மீ. துருத்தி நிற்கும். அச்சிடும்போதே வலது ஓரத்தில் 2 செ.மீ. வெறுமையாக விட்டு, அந்த 18 மி.மீ.யைக் கத்தரித்துவிடுங்கள். திரையின் மேல் விளிம்பில் துணி காயப்போடும் கிளிப்புகளில் பெயர் எழுதி வரிசையாக மாட்டினால் யார் முறை என்ற கேள்வியும் தீர்ந்தது. அதற்கென்று காந்தப் பலகை விற்கிறார்கள். கிளிப்பைவிட அது கூடுதலாக எதுவும் செய்வதில்லை.

கட்டப்பாயும் அச்சும்

சண்டைக்களத்தை வரையும் கட்டமிட்ட விரிப்புதான் கட்டப்பாய். கட்டம் ஒன்று 1 அங்குலம், ஆட்ட உலகில் 5 அடி. வினைல் பாயில் எழுதி அழிக்கலாம், ஆனால் ஈரத்துணியில் அழியும் மார்க்கரால் மட்டும். வெள்ளைப்பலகை மார்க்கரின் மை மென்மையான வினைலுக்குள் ஊறி நிரந்தரமாகிவிடும். ஈரத்தில் அழியும் மை என்றாலும் சிவப்பை ஒரு வாரம் விட்டுவைத்தால் நிழல் தங்கும். ஆட்டம் முடிந்த அன்றே துடையுங்கள். பாயைச் சுருட்டி வையுங்கள். மடித்தால் விழும் மடிப்பில் பொம்மைகள் நிற்காது.

பிடிஎஃப் வரைபடத்தை வாங்கி அச்சிடுபவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, அச்சு அமைப்பில் தாளுக்குப் பொருத்து என்பதை அப்படியே விடுவது. லெட்டர் பக்கம் ஏ4 அகலத்துக்குச் சுருங்கும்போது 1 அங்குலக் கட்டம் 24.7 மி.மீ. ஆகிவிடும். ஒரு கட்டத்தில் தெரியாது. 24 கட்டம் தாண்டும்போது 16 மி.மீ.க்கு மேல் பிசகியிருக்கும், பக்கத்துத் தாளோடு கோடு சேராது. அசல் அளவு, 100 சதவீதம் என்று தேர்ந்தெடுத்து, ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு அளவுகோலால் சரிபார்த்த பிறகு மீதியைக் கொடுங்கள்.

படத்தின் தரத்தையும் வாங்குமுன் கணக்குப் போடலாம். ரோல்20 போன்ற இணைய மேசைக்கு ஒரு கட்டத்துக்கு 70 பிக்சல் போதும். 30க்கு 20 கட்ட வரைபடம் அந்தக் கணக்கில் 2100க்கு 1400 பிக்சல். அதையே தாளில் 1 அங்குலக் கட்டமாக அச்சிட்டால் அங்குலத்துக்கு 70 புள்ளி, மங்கிப்போகும். அச்சுக்கு 150 இருந்தால் பார்க்கலாம், 300 இருந்தால் நன்று. விற்பனைப் பக்கத்தில் பிக்சல் அளவே சொல்லாத வரைபடத்தை அச்சுக்கென்று வாங்காதீர்கள். கட்டம் போட்டது, போடாதது இரண்டும் தருகிறார்களா என்பதும் கவனிக்க வேண்டியது. படத்தில் ஒட்டிப்போன கட்டம் இணைய மேசையின் கட்டத்தோடு அவ்வளவு எளிதில் பொருந்தாது.

பெரிதாக வேண்டுமானால் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடையில் 2க்கு 3 அடி கொடுங்கள். சரியாக 24க்கு 36 கட்டம். ஓரத்துக்காக நீட்டவோ சுருக்கவோ வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். சாதா ஃப்ளெக்ஸ் விளக்கொளியில் பளபளக்கும், நேராக எழுதினால் கறைபடும். மேலே டைனிங் டேபிளுக்குப் போடும் ஒளிபுகும் ஷீட்டை விரித்து அதில் எழுதினால் கறைத் தொல்லை ஷீட்டோடு போகும்.

பொம்மைகளும் மாற்றுகளும்

மனித அளவுக்கு 25 மி.மீ. அடித்தட்டு, பெரிய உருவத்துக்கு 50, அதற்கு மேல் 75, 100. அடித்தட்டு 32 மி.மீ. என்று போட்டிருந்தால் அது வேறு போர் விளையாட்டுக்கானது. கட்டத்தைவிட்டு வழியும், நான்கு பேர் ஓர் அரக்கனைச் சூழ்ந்தால் இடமே இருக்காது. கேரம் காய் அடித்தட்டும் இதே காரணத்தால் உதவாது, அது 3 செ.மீ.க்கு மேல். ஐந்து ரூபாய்க் காசு 23 முதல் 25 மி.மீ.; படத்தை வட்டமாக வெட்டி ஒட்டினால் கச்சிதம், கனமும் இருப்பதால் மின்விசிறிக் காற்றுக்குப் பறக்காது. தாள் பொம்மைகளுக்கு 200 ஜிஎஸ்எம்முக்குக் குறைந்த தாள் ஒரு மாதத்தில் துவண்டுவிடும்.

நிலைமை வளையங்கள் தனியாக விற்கிறார்கள். குளிர்பானப் பாட்டில் மூடியைத் திறந்ததும் கழுத்தில் தங்கும் பிளாஸ்டிக் வளையம் 25 மி.மீ. அடித்தட்டின் மேல் அப்படியே உட்காரும். வெவ்வேறு நிற மூடிகளாகச் சேர்த்தால் விஷம், பயம், மயக்கம் என்று நிறத்துக்கு ஒன்று.

மந்திரக் கார்டுகள்

ஒரு கார்டில் ஒரு மந்திரத்தின் விதி அச்சிட்டிருக்கும். விளையாட்டை உண்மையிலேயே வேகப்படுத்தும் துணைப்பொருள் இதுதான். பழைய கார்டு என்றால் பயனுக்குப் பதில் தகராறு. மூன்று கார்டைப் பார்த்தால் பதிப்பு தெரிந்துவிடும். குணமாக்கும் மந்திரமான ஹீலிங் வேர்ட் 1டி4 என்றால் 2014, 2டி4 என்றால் 2024. கியூர் வூண்ட்ஸ் 1டி8இலிருந்து 2டி8 ஆயிற்று. காப்பு மந்திரமான பார்க்ஸ்கின் முன்பு ஏசி 16க்குக் குறையாது என்றது, கான்சன்ட்ரேஷனும் கேட்டது. இப்போது 17, கான்சன்ட்ரேஷன் வேண்டாம். வாங்கப்போகும் செட்டை இலவச எஸ்ஆர்டியோடு ஒப்பிட ஐந்து நிமிடம் போதும். நீளமான மந்திரங்களில் இடம் போதாமல் புத்தகத்தைப் பார்க்கவும் என்று முடித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அந்த மந்திரங்களுக்குத்தான் கார்டே தேவை.

துணைநூல்கள்

5ஈ (டி அண்ட் டியின் ஐந்தாம் பதிப்பு) உடன் இணக்கமானது என்ற முத்திரையை யார் வேண்டுமானாலும் போடலாம். விதியைச் சோதித்துப் பார்த்துத்தான் போட்டார்கள் என்பதற்கு அது உறுதி தராது. சோதனையை நாமே செய்ய வேண்டும்.

புது வகுப்போ (பாத்திரத்தின் தொழில்) அதன் உட்பிரிவோ வந்தால் ஓர் அளவுகோலை வைத்து அளக்கிறோம்: ஐந்தாம் நிலை வார்லாக் (மந்திரவாதி வகுப்பு), எல்ட்ரிட்ச் பிளாஸ்ட் (கதிர் மந்திரம்), அகனைசிங் பிளாஸ்ட் (கதிரின் சேதத்தோடு கரிஸ்மா புள்ளியைக் கூட்டும் திறன்), ஹெக்ஸ் (ஒவ்வொரு அடியிலும் சேதம் கூட்டும் சாபம்). கதிர் இரண்டு, ஒவ்வொன்றிலும் 1டி10க்குச் சராசரி 5.5, கரிஸ்மா 4, ஹெக்ஸின் 1டி6க்கு 3.5, ஆக 13. இரண்டும் பட்டால் 26, நூற்றுக்கு 65 படும் என்று வைத்தால் 16.9, கிரிட்டிக்கலையும் (20 விழுந்து சேதப் பகடை இரட்டிப்பாவது) சேர்த்தால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 18. ஐந்தாம் நிலையில் எந்தச் செலவும் இல்லாமல் சுற்றுக்குச் சுற்று 25ஐத் தாண்டும் உட்பிரிவு மேசையில் மற்றவர்களை உட்கார வைத்துவிடும். சண்டையில் ஒரே ஒரு முறை 40 என்றால் பரவாயில்லை. சொற்களையும் உற்றுப் பாருங்கள். ஒரு டர்னுக்கு (ஒருவரின் முறை) ஒருமுறை என்பதும் ஒரு ரவுண்டுக்கு (எல்லோர் முறையும் சேர்ந்த சுற்று) ஒருமுறை என்பதும் வேறு வேறு. முன்னது அடுத்தவர் முறையில் ரியாக்ஷன் வழியாக இன்னொரு முறை கிடைக்கும். வரம்பே எழுதாமல் ஒவ்வொரு முறை அடிபடும்போதும் என்று தொடங்கும் வாக்கியம் வந்தால் புத்தகத்தை மூடிவிடலாம்.

மாயப்பொருளில் ஏசி கூட்டுவதைத்தான் பலரும் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். தாக்குபவருக்கு கூட்டல் 5 இருந்தால் ஏசி 15ஐ அடிக்க வாய்ப்பு நூற்றுக்கு 55. ஏசி 18 என்றால் 40. வாங்கும் சேதத்தில் கால் பங்குக்கு மேல் குறைந்தது. அதே 3ஐ, பிளேட் கவசமும் கேடயமும் டிஃபென்ஸ் பாணியுமாக ஏற்கெனவே 21இல் இருப்பவருக்குக் கொடுங்கள்: 25 வெறும் 10 ஆகிவிடும், அடி பாதிக்கு மேல் குறைகிறது. அதே பொருள் ஒருவருக்கு உதவி, இன்னொருவருக்குச் சாகாவரம். அதனால் மாயப்பொருள் தொகுப்பை உங்கள் குழுவில் அதிக ஏசி உள்ளவர் கையில் வைத்துச் சோதியுங்கள்.

அரக்கர் தொகுப்புக்கு 2014 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட் தரும் அட்டவணை இன்றும் உதவும். சேலஞ்ச் ரேட்டிங் (அரக்கனின் கடினத் தரம்) 5க்கு ஏசி 15, ஹெச்பி (உயிர்ப்புள்ளி) 131 முதல் 145, தாக்குதல் கூட்டல் 6, சுற்றுக்குச் சேதம் 33 முதல் 38. முதல் மூன்று சுற்றின் சராசரியை எடுங்கள். மூச்சுத்தீ போன்ற பரப்புத் தாக்குதல் இருவர்மேல் படும் என்று கணக்கிடுங்கள். அச்சு அசலாகப் பொருந்த வேண்டியதில்லை. 2014 மான்ஸ்டர் மேனுவலின் ட்ரோலுக்கே 84 ஹெச்பிதான், ஆனால் காயம் தானே ஆறும். ஹெச்பியும் சேதமும் இரண்டுமே அட்டவணைக்கு மேலே போனால்தான் பிரச்சினை. எதிர்ப்பக்கத் தவறும் நிறைய உண்டு: ஹெச்பி 400, சேதம் 15. நால்வர் சேர்ந்து சுற்றுக்கு 60 அடிக்கும் குழுவுக்கு ஏழு சுற்று. ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் டிஎம்மையும் சேர்த்து ஒரு சண்டை 70 நிமிடம், பயம் கொஞ்சமும் இல்லாமல்.

சாகசப் புத்தகங்களுக்கு வேறு சோதனை. நடுவில் ஏதாவது ஓர் அறையைத் திறந்து, இரண்டு நிமிடம் படித்து, புத்தகத்தை மூடிவிட்டு நடத்த முடியுமா என்று பாருங்கள். நிறைய புத்தகங்களில் அறையின் வரலாறு மூன்று பத்தி ஓடி, உள்ளே இரண்டு ஓகர் அரக்கர்கள் நிற்கும் தகவல் நான்காம் பத்தியில் வரும். கதவைத் திறந்ததும் வீரர்கள் கேட்பது அதைத்தான். உரக்கப் படிக்க வேண்டிய பெட்டி நான்கு வரியைத் தாண்டினால் மேசையில் யாராவது போனை எடுப்பார்கள். அடுத்து, கதை முன்னேற ஒரே ஒரு துப்பு, அதுவும் ஒரே ஒரு உருட்டலில் கிடைப்பதாக இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த உருட்டல் தோற்றால் என்ன என்று ஆசிரியர் எழுதியிருக்கவில்லை என்றால், நடத்தும் அன்று நீங்கள்தான் எழுதுவீர்கள்.

பிடிஎஃப் என்றால் புக்மார்க் இருக்கிறதா, தேடினால் சொல் அகப்படுகிறதா, அரக்கரின் புள்ளிவிவரம் அதே பக்கத்திலா பின்னிணைப்பிலா என்று முன்னோட்டத்திலேயே தெரியும். வீரர்களுக்கான வரைபடம் தனியாக இருக்க வேண்டும். இருப்பதாக விளம்பரத்தில் போட்டிருந்தாலும் பெரிதாக்கிப் பாருங்கள். அறை எண்களை அழித்துவிட்டு, சுவரில் இருக்கும் இரகசியக் கதவின் எஸ் குறியை அழிக்க மறந்த வரைபடங்கள் விற்பனையில் ஏராளம்.